மோப்பம் பிடிக்கும் மூப்பர்

சேலம் ஜில்லாவில் ஏழாயிரம் சபை மூப்பர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் வாதாடி ஜெயித்ததில்லை. ஏழாயிரம் என்பது சற்றுக் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஜில்லா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அத்தனை மூப்பர்கள் தேறமாட்டார்கள். எழுபது என்று வைத்துக்கொள்ளலாம். என் பேரப்பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்பதால் பதினேழு என்று நானே திருத்திவிடுகிறேன். அதற்குக் கீழே இறங்குவதாக உத்தேசம் இல்லை.

இந்தப் பதினேழு பேரில் பாதிப் பேர் சாது. மற்றவர்களில் சிலர் பாட்டுக்காரர்கள், சிலர் தூக்கக்காரர்கள். நான் சொல்ல வந்தது இவர்கள் யாரைப் பற்றியும் அல்ல. நீங்கள் எந்த ஊர்ச் சபைக்குப் போனாலும் தப்பாமல் ஒருவராவது இருக்கும் ஓர் இனத்தைப் பற்றி. அவர்தான் மோப்ப மூப்பர்.

கிறிஸ்தவன் குடிக்கலாமா, கூடாதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இவர் எழுந்து நிற்பார். கேள்வி எழாவிட்டால் இவரே அதை எழுப்பிவிட்டு எழுந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கடைசி ஆமென் காற்றில் இருக்கும்போதே போதகரை முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். அன்பு என்றா நினைத்தீர்கள்? கொடுத்த கையை விடமாட்டார். கிணற்றில் வாளி இழுப்பதுபோல மெதுவாகத் தம் பக்கம் இழுத்து, "தோத்திரம்" என்பார். மரியாதைக்கு நீங்களும் "தோத்திரம்" என்று வாயைத் திறந்த அந்தக் கணத்தில் மூக்கை நுழைத்துவிடுவார். அவ்வளவுதான். உங்கள் சனிக்கிழமை முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது.

அவர் ஒளித்துக் குடிக்கிறவராக இருப்பார், கடைசியில் அகப்பட்டுக்கொள்வார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அவர் குடிக்கமாட்டார். சத்தியமாகக் குடித்ததே இல்லை. அதுதான் தொல்லை. குடித்துப் பார்த்தவனுக்குக் குடி ஒரு நாளில் ஒரு வேளை; இவருக்கு நாள் முழுவதும் அதே நினைவு.

நானும் குடிக்கு எதிரிதான். சனிக்கிழமை சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போன அப்பன், வீடு திரும்பி என்ன செய்தான் என்பதைத் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளின் முகத்திலேயே பார்த்தவள் நான். மிஷன் பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் வாத்திச்சி. ஜில்லாவில் மதுவிலக்கு வந்த அன்று தெருவில் இறங்கிப் பாடினேன்; என் குரலுக்குப் பயந்தே நாலு கடை மூடியதாகச் சொல்வார்கள். ஆனால் குடியை வெறுப்பது ஒன்று. குடித்தவன் அகப்படமாட்டானா என்று ஏங்குவது வேறொன்று. மோப்ப மூப்பர் ஏங்குகிறவர். ஒரு ஞாயிறு முழுவதும் ஒருவர் வாயிலும் வாடை இல்லாவிட்டால் அவர் முகம் வாடிப்போகும்.

எங்கள் சேந்தமங்கலம் சபைக்கு வாய்த்தவர் அப்புசாமி மூப்பர். சாலை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலை அடிவாரத்தில் நின்றுகொண்டு எருமப்பட்டியில் எவன் கலயத்தைத் திறந்தான் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரை அவருக்குக் கொடுத்தவரும் அவர்தான். இதில் ஒரு சின்னச் சங்கடம்: மூப்பருக்கு மூக்குப்பொடிப் பழக்கம். முப்பது வருஷமாக வேளைக்கு ஒரு சிட்டிகை போட்டுப் போட்டு அந்த மூக்கில் எந்த வாசனையும் ஏறாதபடி தூர்ந்துபோயிருந்தது. அவர் வீட்டில் கருவாடு வறுத்தாலும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பிறகு சபை வாசலில் எதைக் கொண்டு முகர்ந்தார்? சந்தேகத்தைக் கொண்டு முகர்ந்தார். அதற்குத் தும்மல் வராது.

ஒருநாள் மாரக்காள் மாட்டிக்கொண்டாள். களையெடுக்கும் கிழவி, பல் கிடையாது.

"என்ன குடித்துவிட்டு வந்தாய்?" என்றார் மூப்பர்.

"கூழுங்க சாமி."

"என்ன கூழ்?"

"கம்பங்கூழுங்க. நேத்துக் கரைச்சதுங்க."

"புளித்ததா?"

"புளிக்காம? உங்க ஊட்லயும் அதேதானுங்க. எங்கிட்டத்தான் கரைக்கக் குடுத்தாங்க."

கூழ் புளிக்கலாமா என்பது பற்றி அந்த மாதம் கமிட்டியில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. முடிவு எட்டப்படவில்லை. மூப்பர் வீட்டில் மட்டும் சில நாள் புளிக்காத கூழ் குடித்தார்கள். அவர் சம்சாரத்தின் முகம் அதற்குச் சாட்சி.

முகர்ந்து சந்தேகம் தீராவிட்டால் இரண்டாவது பரீட்சை. சந்தேகப்பட்டவன் 'நேபுகாத்நேச்சார்' என்ற பாபிலோன் ராஜாவின் பெயரைத் தடுமாறாமல் மூன்று தரம் சொல்லவேண்டும். நாக்குக் குழறினால் குடி. இந்தப் பரீட்சையில் எங்கள் சபையில் பத்துக்கு எட்டுப் பேர் தவறினார்கள். அவர்களில் ஆறு பேர் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் அறியாதவர்கள். ஒருவன் கைக்குழந்தைக்குத் தகப்பன். வீட்டில் பாபிலோன் ராஜாவைத் தாலாட்டில் வைத்துப் பழகினான் என்று கேள்வி. அப்படியும் தவறினான்.

மோப்ப மூப்பர் வேதத்தில் கடக்கக் கஷ்டப்படும் இடம் ஒன்று உண்டு. கானா ஊர்க் கல்யாணம். தண்ணீரைத் திராட்சரசமாக்கிய அந்த இடம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். "அது புளிக்காத ரசம். வெறும் பழச்சாறு" என்று மூன்று முறை சொல்வார். அப்படி ஒருநாள் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தபோது பத்து வயசுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"ஏனுங்கய்யா, வெறும் பழச்சாத்துக்கா அந்தப் பந்தி விசாரிக்கிறவரு அத்தனை சந்தோசப்பட்டாரு?"

அவளை மணி அடிக்கிற வரைக்கும் பெஞ்சின்மேல் நிற்க வைத்தார். பெயர் வசந்தாமணி. மரமேறும் மாதையனின் மகள்.

சில வருஷம் கழித்து இந்த வசந்தாமணிக்குக் கல்யாண வயசு வந்தது. வெண்ணந்தூரில் தறிக்காரக் குடும்பத்துப் பையன் தங்கசாமி. ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. மூன்று வாரம் லீவு. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, 'இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள்' என்று ஓலை வாசிப்பார்கள். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது வாசித்தால் அடுத்த புதன்கிழமை தாலி. வாசிக்காவிட்டால் பையன் வண்டியேறிவிடுவான்; அடுத்த லீவு அடுத்த வருஷம். பையனின் தாயார் வேறு, "ஓலை நின்ன ஊட்ல எங்க பையனைக் குடுக்கமாட்டோமுங்க" என்று முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு. மாதையன் வெளுத்த வேட்டியும் மகள் கல்யாணப் பூரிப்புமாக வாசலுக்கு வந்தான். மூப்பர் கை கொடுத்தார். இழுத்தார். தோத்திரம் சொன்னார். பிறகு தலையை ஆட்டினார்.

மாதையன் மதுவிலக்குக்கு முன்பே குடியை விட்டவன். ஆனால் இருபது வருஷம் பாளை சீவியவன் உடம்பில் பனைமரம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பாபிலோன் ராஜாவையும் கேட்டுப் பார்த்தார்கள். மரத்திலிருந்து விழுந்து முன்பல் இரண்டு போன வாய். ராஜா அந்தச் சந்து வழியாகத் தப்பி ஓடிவிட்டார்.

"சனிக்கிழமை கமிட்டி. தகப்பன் குடிகாரன் இல்லை என்று ருசுவானால்தான் மூன்றாம் ஓலை" என்று மூப்பர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா? வியாழக்கிழமை மாதையனின் பனங்காட்டுக்கே புறப்பட்டுப் போனார். மதுவிலக்கு வந்த பிறகும் மரமேறிகள் பிழைக்கச் சர்க்கார் ஒரு வழி விட்டிருந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். எங்கள் பக்கம் தெளுவு என்போம். காய்ச்சி வெல்லம் எடுக்கலாம். சுண்ணாம்பு இல்லாமல் கட்டினால் பொழுது விடிவதற்குள் அதே சாறு கள்ளாகிவிடும். இது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவர்களுக்கும், அநேகமாக ஆடுகளுக்கும் தெரியும். நாற்பது வருஷமாக மரத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட மூப்பருக்கு மட்டும் தெரியாது.

கலயத்தை எட்டிப் பார்த்தார். "இது என்ன வெள்ளையாக?"

"சுண்ணாம்புங்க சாமி."

"ஓகோ! குடித்துவிட்டு வருகிறவன் சபை வாசலில் என்ன செய்வான் தெரியுமா? வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மென்றுகொண்டு வருவான். வாடையை மறைக்க! நீ கலயத்துக்கே தடவியிருக்கிறாய்."

"ஐயோ, அதுக்கில்லீங்க. கெடாம இருக்கோணும்னு..."

"கெட்டதை மறைக்க என்று சொல். நாளைச் சாயங்காலம் ஒரு மரத்தில் சுண்ணாம்பு இல்லாமல் சுத்தமாகக் கட்டு. சனிக்கிழமை விடிந்ததும் வந்து நானே ருசி பார்க்கிறேன். அதில் மயக்கம் இருந்தால் ஓலை கிடையாது."

"வேண்டாமுங்க சாமி. அப்படிக் கட்டுனா அது கள்ளுங்க. போலீசு எங் கைக்குத்தானுங்க வெலங்கு போடும்."

"எனக்கு வேதம் சொல்லித் தருகிறாயா?"

"வேதமில்லீங்க. பனமரமுங்க."

மூப்பர் பனைமரத்தைப் பற்றிக் கேட்கத் தயாராக இல்லை. இந்த இனம் எந்த மரத்தைப் பற்றியும் கேட்காது.

அன்று மத்தியானம் மாதையனின் பெண்சாதி பெருமாயி என்னிடம் ஓடிவந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "டீச்சரம்மா, கட்டுனா செயிலு, கட்டாட்டிக் கண்ணாலம் நின்னுபோகும். நாங்க எங்கீங்க போறது? புள்ளைக்குச் சீல எடுத்தாச்சுங்க. சாதிசனத்துக்கெல்லாம் சொல்லியாச்சுங்க."

போலீசு சேந்தமங்கலத்தில் விடியுமுன் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அதையும் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்: "மூப்பர் பெரியவர். அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே செய்யுங்கள். ஒரு சொட்டும் குறையவேண்டாம்."

பெருமாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேனுங்க" என்று கிளம்பினாள். வந்தபோது இருந்ததைவிட நடை சற்று வேகமாக இருந்தது.

சனிக்கிழமை விடியலில் நடந்தது காதில் விழுந்தபடி: மூப்பர் வெறும் வயிற்றோடு, ஏனென்றால் உபவாசம், மரத்தடியில் முழந்தாள் போட்டு ஜெபம் செய்தார். மாதையன் கலயத்தை இறக்கிப் பனையோலைப் பட்டையில் ஊற்றி நீட்டினான். மூப்பர் முகர்ந்து பார்த்தார், பொடிதான் மணத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய். கண் திறந்தது. "இனிப்பாக அல்லவா இருக்கிறது!" மயக்கம் உடனே தெரியாதாம், நியாயம் பார்க்க வேண்டுமென்று இரண்டாவது பட்டை. தீர விசாரிக்காமல் ஏழையின் மேல் பழி சொல்லலாமா என்று மூன்றாவது. பிறகு எழுந்தார். மரங்களை எல்லாம் ஒரு தரம் பார்த்தார். அவை அசைகிற அழகைப் பற்றி ஏதோ சொன்னார். காற்று இல்லை.

பத்து மணிக்குக் கமிட்டி. நான் ஸ்திரீகள் சங்கத்தின் சார்பில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததை எழுதுகிற வேலை. மூப்பர் வந்தார். வந்தாரா, மிதந்தாரா? வாசலில் நின்ற மாதையனைக் கட்டிக்கொண்டார். கோவில் மணிக்கயிற்றுக்குத் தோத்திரம் சொன்னார். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், என்னை "அக்கா" என்று கூப்பிட்டு, என் மூக்குக்கண்ணாடி அழகாக இருக்கிறது என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் என் கண்ணாடியைப் புகழ்ந்தவர் அவர் ஒருவரே.

போதகர் மெதுவாகக் கேட்டார்: "மூப்பர் ஐயா, விசாரித்தீர்களா?"

"விசாரித்தேன்! சகோதரரே, இந்த மாதையனைப்போல் ஒரு பரிசுத்தவான் இந்தத் தாலுகாவில் உண்டா? இவன் கலயத்தில் சூது இல்லை. சுண்ணாம்பு இல்லை. நான் அந்த மரத்தடியில் நின்றபோது கானா ஊர் எனக்கு விளங்கிவிட்டது. முழுவதும் விளங்கிவிட்டது!"

கமிட்டியில் உட்கார்ந்திருந்த குடியானவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன் வரிசைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வேலி கட்டும் சின்னான் மட்டும் வாய் சும்மா இராமல், "சாமி, அந்த ராசா பேரை ஒருக்காச் சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்டுவிட்டார். நான் எழுதுவதை நிறுத்தினேன். மூப்பர் குழறினால் விசாரணையே செல்லாது; ஓலை போய்விடும்.

குழறவா? மூப்பர் எழுந்து நின்றார். "நேபுகாத்நேச்சார்!" கண்ணாடிபோலத் தெளிவு. பதினோரு தரம் சொன்னார். கடைசி நாலும் கீர்த்தனை ராகத்தில், கைத்தாளத்தோடு. ஜில்லாவில் அந்த ராஜாவின் பெயரை இதற்கு முன்பும் பின்பும் யாரும் அவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. அவருடைய பரீட்சையின்படி அந்த அறையில் குடிக்காதவர் அவர் ஒருவர்தான்.

போதகர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "இதை எழுத்தில் தருவீர்களா, மூப்பர் ஐயா?" என்றார் போதகர். காகிதத்தை நீட்டியது யார் என்று கேட்காதீர்கள். பேனாவும் என்னுடையதுதான்.

அவர் கைப்பட எழுதியது இது: "மரமேறி மாதையன் கட்டிய பானத்தை நானே மூன்று பட்டை அருந்திச் சோதித்தேன். மயக்கம் சிறிதும் இல்லை. மாறாக மிகுந்த சந்தோஷம். இவனைச் சந்தேகித்தவர் யாராயினும் வெட்கப்படக்கடவர். இவன் மகளின் ஓலையை உரக்க வாசிக்கவேண்டும். அப்புசாமி, மூப்பர்." கையெழுத்து ஒரு மலையேற்றம் போல மேலே போயிருந்தது.

ஞாயிறு போதகர் ஓலையை உரக்க வாசித்தார். மூப்பர் அன்று வரவில்லை, தலைவலி.

திங்கட்கிழமை என் வீட்டு வாசலில் நின்றார். "டீச்சரம்மா, அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கவேண்டும். ஓலைக்குத் தடை சொல்லவேண்டும்."

"ஏனுங்க?"

"அன்று நான் எழுதியபோது... சுயபுத்தியில் இல்லை."

"அடடா! என்ன ஆயிற்று?"

மூப்பர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "வெயில்."

"காலை பத்து மணிக்கா?"

"பித்தம்."

"சரி. பித்தம் என்று எழுதிக்கொடுங்கள். கமிட்டியை இன்றைக்கே கூட்டிவிடலாம். அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். அதற்கும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள்."

மூப்பர் பொடிமட்டையை எடுத்தார். போட்டார். தும்மினார். திண்டாடினார். காகிதம் செல்லாது என்று சொல்ல அவருக்கு ஒரே வழிதான் இருந்தது: நான் குடித்திருந்தேன் என்று சொல்வது. புதன்கிழமை தாலி ஏறியது.

திருந்தினாரா என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் வாசலில் தூரமாக நின்று கும்பிட்டார். மூன்றாம் மாதம் மறுபடி கை நீண்டது. ஆனால் இப்போதெல்லாம் ஒரு வித்தியாசம்: பிறத்தியார் வாய் திறக்கும்போது தம் வாயை இறுக மூடிக்கொள்கிறார்.

நிற்க. இதுவரை வாசித்துச் சிரித்தீர்களே, சிரிக்கும்போது உங்களுக்கு யார் ஞாபகம் வந்தது? பக்கத்துத் தெரு ஆசாமி ஒருவர், 'பார், அவர் பெரிய யோக்கியர் மாதிரி வருகிறார், எனக்குத் தெரியாதா' என்று நீங்கள் நினைத்துக்கொண்டவர், வந்தார் அல்லவா? அவர் குடிக்கிறார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்தீர்கள்? கொஞ்சம் நில்லுங்கள், மூக்கைத் தொட்டுப் பாருங்கள். நேற்றைவிட இப்போது நீளம் கூடியிருந்தால் எனக்கு எழுதவேண்டாம், தெரியும்.

இதை எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தபோது, தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருக்கும் வசந்தாமணி எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒன்றைப் பத்தாக்குகிறவள் என்பது தெரிந்தவள். இந்தத் தரம் எதைக் குறைக்கச் சொல்வாளோ என்று காத்திருந்தேன்.

"எல்லாஞ் செரிங்க டீச்சரம்மா" என்றாள். "ஆனா எங்கப்பன் பயந்துக்கிட்டு மரத்து மேலயே குந்திக்கிட்டாருங்க, எறங்கவே இல்லை. ஊத்திக் குடுத்தது நானுங்க. அப்புறம், மூணு பட்டை இல்லீங்க. ஏழு."